மகள் செய்த தவறும் தாய் சொன்ன புத்தியும்

திருவள்ளூரிலிருந்து ஒரு தாயார் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கம், நுணுக்கி நுணுக்கி எழுதியது. 'பெயரைப் போட்டுவிடாதீர்கள்' என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு வேறு இட்டிருக்கிறார். போடவில்லை. ஆனால் விஷயத்தை எழுதத்தான் வேண்டும். அது அந்த ஒரு வீட்டோடு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் நர்ஸ் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். நாமெல்லாருமே என்றாவது ஒரு நாள் ஒரு நர்ஸின் கையிலிருந்து மாத்திரை வாங்கி விழுங்கப் போகிறவர்கள்தாம்.

நடந்தது இதுதான். அந்த அம்மாளின் மகள் நர்ஸிங் படித்து முடித்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். சம்பளத்தில் பாதி, படிப்புக்கு வாங்கிய கடனுக்குப் போகிறது. ஒரு நாள் இரவு டூட்டி. வார்டு நிறைய நோயாளிகள், பார்த்துக்கொள்ள இரண்டே நர்ஸுகள். அதே வார்டில் 'குமார்' என்று முடியும் பெயருடைய இருவர் படுத்திருந்தார்கள். ஒருவர் உள்ளூர்ப் பெரியவர், ரத்தக் கொதிப்புக்காரர். மற்றவர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒடிசா வாலிபர், காய்ச்சலுக்காகச் சேர்ந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. பெண், "குமார்தானே?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தலையை ஆட்டியிருக்கிறார். பெரியவருக்குக் கொடுக்க வேண்டிய ரத்தக் கொதிப்பு மாத்திரை வாலிபரின் வயிற்றுக்குள் போய்விட்டது.

விடியற்காலையில் எழுந்த வாலிபர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்த அழுத்தத்தைப் பார்த்தபோதுதான் பெண்ணுக்குச் சுரீரென்றது. படுக்க வைத்து, காலை உயர்த்தி வைத்து, பக்கத்திலேயே இருந்து கவனித்திருக்கிறாள். காலைக்குள் அவர் தேறிவிட்டார். கூட இருந்த மூத்த நர்ஸ், "குறிப்பில் எதுவும் எழுதாதே, வம்பு" என்று சொல்லிவிட்டாள். ரவுண்டு வந்த டாக்டருக்குக் காரணம் தெரியவில்லை. ஈ.ஸி.ஜி., ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். அத்தனைக்கும் காசு கட்டியது அந்த வாலிபர்.

பெண் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா என்ன சொன்னார்? "வாயை மூடிக்கொண்டிரு கண்ணு. அவருக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. நீ போய்ச் சொன்னால் வேலை போகும், கடனை யார் கட்டுவது?"

அதற்கடுத்த அமாவாசைக்கு அந்த அம்மாள் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறார். திருவள்ளூர்க்காரர்களுக்கு அவர் வைத்திய வீரராகவர். நோய் தீர வேண்டுமென்று குளத்தில் வெல்லம் கரைப்பது அங்கே வழக்கம். 'வெல்லம் கரைந்துவிட்டது, என் மனசில் இருப்பது கரையவில்லை. நான் சொன்ன புத்தி தப்பா? சட்டப்படி என் பெண்ணை என்ன செய்வார்கள்?' என்று கேட்டிருக்கிறார்.

தப்புத்தான் அம்மா. ஆனால் பெற்ற வயிறு சொல்லச் சொன்னதைச் சொன்னீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அந்த நிமிஷத்தில் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஏன் தப்பு என்பதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். மற்ற சகோதரிகளும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்.

நர்ஸ் உத்தியோகம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்ஸுகளுக்குப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டுவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ல் நர்ஸிங்குக்குப் பட்டப் படிப்பே வந்துவிட்டது. மதராஸ் மாகாணத்தில் 1926-லேயே நர்ஸுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் தனிச் சட்டம் செய்து, பெயர்ப் பதிவேடு ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருத்தி முறைப்படி நர்ஸ். பெரிய ஒழுக்கக்கேடு செய்தால் அதே பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடவும் முடியும். 1953-ல் சர்வதேச நர்ஸுகள் கவுன்சில், உலகத்து நர்ஸுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு தர்ம விதியை வகுத்தது. அதைக் காலத்துக்குத் தக்கபடி பல முறை திருத்தியிருக்கிறார்கள். 2021-லும் ஒரு திருத்தம் வந்தது. நம் இந்திய நர்ஸிங் கவுன்சிலும் 2006-ல் தனக்கென ஒன்றை வெளியிட்டது.

விதிகள் எத்தனை இருந்தாலும் சாரம் நம் பாட்டிமார்களுக்குப் புரிகிற சாரம்தான். நல்லது செய், கெடுதல் செய்யாதே. நோயாளியின் சம்மதமில்லாமல் தொடாதே. அவர் ரகசியத்தை வெளியே விடாதே. ஏழை பணக்காரர், நம்மூர்க்காரர் வெளியூர்க்காரர் என்று பேதம் பார்க்காதே. உண்மையைச் சொல். இதில் கடைசியில்தான் உங்கள் மகள் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு மாத்திரை கொடுப்பதற்கு முன் ஐந்து சங்கதிகளைச் சரி பார்க்க வேண்டுமென்று நர்ஸிங் பள்ளியில் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிறார்கள். சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான வேளையா? உங்கள் மகள் முதல் படியிலேயே வழுக்கிவிட்டாள். "குமார்தானே?" என்று கேட்டால், பாஷை தெரியாத மனிதர் மரியாதைக்காகவாவது தலையை ஆட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டியிருக்கும் அடையாளப் பட்டையோடு ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். இது அரை நிமிஷ வேலை. வார்டு நிறைய ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் இரவில் அந்த அரை நிமிஷம் கிடைப்பதில்லை என்பதும் வாஸ்தவம்தான்.

இப்படிப்பட்ட தவறு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. டில்லியில் ஸ்பிரிங் மெடோஸ் என்ற ஆஸ்பத்திரி. 1993 டிசம்பரில் ஒரு சிறுவனை அங்கே சேர்த்தார்கள். டைபாய்டு என்றார்கள். ஒரு நாள் நர்ஸ் வந்து, ஒரு ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி வாங்கி வரச் சொன்னாள். தகப்பனாரே கடைக்குப் போய் வாங்கி வந்தார். அது குழந்தைக்கு வேண்டிய மருந்தே அல்ல, மலேரியாவுக்கான குளோரோகுவின். அதை நேரே ரத்த நாளத்தில் ஏற்றினாள். குழந்தை தாயின் மடியிலேயே துவண்டு விழுந்தது. இதயம் நின்றது. திரும்ப ஓட வைத்தார்கள். ஆனால் மூளை மீளவில்லை.

விசாரித்ததில், அந்தப் பெண் எந்த மாநிலத்துப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவள் என்று தெரிந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சமும், பெற்றோரின் மன வேதனைக்கு ஐந்து லட்சமும் நஷ்ட ஈடு விதித்தது. ஆஸ்பத்திரி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1998 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அதே தீர்ப்பை உறுதி செய்தது. தகுதியில்லாதவளை வேலைக்கு வைத்த ஆஸ்பத்திரி பொறுப்பு. ஊசியைத் தாமே போடாமல் அவளிடம் விட்ட உள்ளிருப்பு டாக்டரும் பொறுப்பு. குழந்தையைச் சேர்த்த பெற்றோரும் நுகர்வோரே, அவர்கள் வேதனைக்கும் விலை உண்டு என்றது கோர்ட்டு.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள் அம்மா. உங்கள் மகள் படித்துத் தேறிப் பதிவு பெற்றவள். சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

காசு வாங்கி வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நர்ஸ் தவறு செய்தால் அவளை வேலைக்கு வைத்த ஆஸ்பத்திரிதான் நஷ்ட ஈட்டுக்கு முதல் பதில் சொல்ல வேண்டும். கிரிமினல் குற்றம் என்பது வேறு. வைத்தியத் தொழிலில் நேரும் சாதாரணத் தவறுக்கெல்லாம் கைதி ஆக்கிவிடக் கூடாது, அஜாக்கிரதை மிகவும் மோசமானதாக இருக்க வேண்டும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. உங்கள் மகள் விஷயத்தில் யாருக்கும் உயிருக்கு ஆபத்து வரவில்லை. ஆகவே சிறை, விலங்கு என்று ராத்திரியில் விழித்துக்கொண்டு நினைக்க வேண்டாம்.

ஆனாலும் நர்ஸுகள் ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, அஜாக்கிரதையால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை தண்டனை என்கிறது. வைத்தியத்தின்போது அது நேர்ந்தால், பதிவு பெற்ற டாக்டருக்கு 2 ஆண்டு வரைதான். அந்தச் சலுகை டாக்டரோடு நின்றுவிட்டது. பக்கத்தில் நிற்கும் நர்ஸின் பெயர் அதில் இல்லை.

சரி, தவறு நடந்தது. சொல்லாமல் விட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். ஆஸ்பத்திரிக் குறிப்பேடு என்பது நர்ஸின் கண். அந்தக் கண்ணால்தான் டாக்டர் பார்க்கிறார். இரவு என்ன கொடுத்தார்கள் என்பது அதில் இல்லாவிட்டால், டாக்டர் இல்லாத நோயைத் தேடிப் போவார். உங்கள் மகள் விஷயத்தில் அப்படியே நடந்தது. தேவையில்லாத பரிசோதனையோடு போயிற்று. தேவையில்லாத மருந்தாகப் போயிருந்தால்?

சொல்லாமல் விடுவதும் ஒரு செய்கைதான். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் ஒரு பெண் குழந்தை குறை மாதத்தில் பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிப் பிறந்து பிராணவாயு வைக்கப்பட்ட சிசுவுக்குக் கண்ணில் விழித்திரை நோய் வரக்கூடும். குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசோதித்தால் தடுக்கலாம். அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. செய்துகொள்ளுங்கள் என்று பெற்றோருக்கும் யாரும் சொல்லவில்லை. குழந்தைக்குக் கண் போய்விட்டது. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அங்கே தவறான மருந்து கொடுத்தது யாரும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாததுதான் தவறு.

சொன்னதனால் விளைந்த நன்மைக்கும் ஒரு உதாரணம் உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் கொடுத்திருந்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக வேறிடத்தில் பரிசோதனை செய்துகொண்டபோது, தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தார். தாமே வந்து விஷயத்தைத் தெரிவித்தார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. கர்ப்பிணிக்குத் தொற்றும் வந்துவிட்டது. ஆனால் காலத்தில் தெரிந்ததனால் சிகிச்சையை உடனே ஆரம்பிக்க முடிந்தது. அடுத்த மாதம் மதுரையில் பிறந்த குழந்தை தொற்றில்லாமல் பிழைத்தது. ஒரு ஏழை இளைஞரின் உண்மை அந்தக் குழந்தையைக் காப்பாற்றிக் கொடுத்தது. துக்கமான சங்கதி, அந்த இளைஞர் மனமுடைந்து அந்த மாதமே உயிரை விட்டுவிட்டார். நோயாளியின் ரகசியத்தை நர்ஸும் டாக்டரும் மட்டுமல்லாமல் ஊரும் பத்திரிகையும்கூடக் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்த மரணம் நமக்குச் சொல்லவில்லையா? எச்.ஐ.வி. உள்ளவரின் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாதென்று 2017-ல் சட்டமே வந்திருந்தது.

உங்கள் மகள் அந்த ஒடிசா வாலிபருக்கு என்ன கடன்பட்டிருக்கிறாள் என்பதை யோசித்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்ய எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பீகார், ஒடிசா, வங்காளம் என்று எத்தனையோ பாஷை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நர்ஸோடு கூடிய வைத்திய அறை இருக்க வேண்டுமென்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2020-ம் வருஷத் தொகுப்புச் சட்டமும் அப்படி ஓர் அறை வேண்டுமென்கிறது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளி. ஆனால் விரலை இழந்து ரத்தம் ஒழுக வருகிறவன் தொழிலாளி. 'சின்னக் காயம் என்று எழுதிக்கொள்' என்று மேலே இருந்து ஒரு குரல் வந்தால் அவள் எதை எழுதுவாள்? அந்தத் தொழிலாளியின் நஷ்ட ஈடு, அவன் பெண்டாட்டி பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் அவள் எழுதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நம் பாஷை தெரியாதவனுக்கு நர்ஸின் பேனாதான் வாய்.

வாயே இல்லாத ஒரு நோயாளிக்கு வாயாக நின்ற நர்ஸுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அருணா ஷான்பாக் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். கண்டித்தார் என்ற ஆத்திரத்தில் வார்டு ஊழியன் ஒருவன் 1973 நவம்பர் 27-ம் தேதி இரவு நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்து, அவரைக் கெடுத்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் அருணா நினைவிழந்தார். அன்று முதல் 42 வருஷம் அதே மருத்துவமனையில் படுக்கை. யாரோ உறவினர் பார்த்துக்கொள்ளவில்லை. அவரைக் கண்டிராத புது நர்ஸுகள்கூட, வருஷத்துக்கு வருஷம், ஊட்டி, குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்துக் காப்பாற்றினார்கள். இத்தனை வருஷமும் உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை என்று கோர்ட்டே வியந்தது.

அவருக்கு உணவை நிறுத்தி அமைதியாகப் போக விட வேண்டுமென்று ஓர் எழுத்தாளர் சுப்ரீம் கோர்ட்டில் மனுக் கொடுத்தார். நர்ஸுகள் கூடாதென்றார்கள். 2011 மார்ச் 7-ம் தேதி கோர்ட்டு, அருணாவுக்காகப் பேச உரிமையுள்ளவர்கள் அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களே என்று சொல்லி, மனுவைத் தள்ளியது. ஆனால் அதே தீர்ப்பில், மீள முடியாத நோயாளியின் செயற்கை உயிர்த் தாங்கலைச் சில நிபந்தனைகளோடு விலக்கலாம் என்ற வாசலையும் திறந்து வைத்தது. 2018-ல் அரசியல் சாசன பெஞ்சு, சுயநினைவுள்ளபோதே ஒருவர் தமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. அருணா 2015 மே 18-ம் தேதி நிமோனியாவால் காலமானார். விட வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் நின்றார்கள். அந்த நர்ஸுகளின் கை மட்டும் 42 வருஷம் சோர்ந்து போகவில்லை.

அந்த அருணாவையே ஆஸ்பத்திரியால் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் மறக்கலாகாது. நர்ஸிடம் தர்மத்தை எதிர்பார்க்கிற நாம் அவளுக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. வைத்திய ஊழியர்களை அடித்தால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதலே சட்டம் இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்று, சுப்ரீம் கோர்ட்டு சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் சிபாரிசு செய்தது. சிபாரிசு சம்பளக் கவரில் வந்து விழுந்ததா என்பதை உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். வார்டு நிறைய நோயாளிகளுக்கு இரண்டே நர்ஸுகளைப் போட்ட நிர்வாகமும் அந்த மாத்திரையில் பங்குதாரர்தான். இதையும் அவள் சொல்லலாம். ஆனால் தன் தவறைச் சொன்ன பிறகு சொல்ல வேண்டும்.

வாசகிகளே, இனி நம் பங்கு. நாம் என்ன செய்கிறோம்? நர்ஸைத் தனியே கூப்பிட்டு, "வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா, சாடையாவது சொல்லேன்" என்று கெஞ்சுகிறோம். 1994-ம் வருஷச் சட்டப்படி சாடை காட்டுவதும் குற்றம், கேட்பதும் குற்றம். "பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவளுக்கு என்னவாம்?" என்று விசாரிக்கிறோம். சொல்கிற நர்ஸ் நல்லவள், சொல்லாதவள் கர்வி. நாளை நம் வியாதியும் அப்படித்தான் ஊர் சுற்றும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

கையெழுத்து விஷயமும் இருக்கிறது. டில்லியில் ஒரு பெண்மணி வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்து வாங்கிக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப் பையையும் சினைப் பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவள் சம்மதம்தான் சம்மதம். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது தாயார் போட்ட கையெழுத்து செல்லாது என்று 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. புருஷன் கையெழுத்துக்கும் இதே நியாயம்தான். ஆகவே நர்ஸ் காகிதத்தை நீட்டும்போது, "இது எதற்கு ஸிஸ்டர்? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மாத்திரை கொடுக்கும்போது, "இது என்ன மருந்து?" என்று கேளுங்கள். உங்கள் முழுப் பெயரையும், ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டானால் அதையும் நீங்களே சொல்லுங்கள். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தக் கேள்வி அவளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

கடைசியாக, திருவள்ளூர் அம்மாவுக்கு. உங்கள் மகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நர்ஸிங் மேலாளரையும் அந்த டாக்டரையும் நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லட்டும். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, என்ன அளவு, பிறகு நோயாளிக்கு என்ன ஆயிற்று, தான் என்ன செய்தாள் என்பதை எழுதிக் கொடுக்கட்டும். சாக்கும் வேண்டாம், பிறர் மேல் பழியும் வேண்டாம். குறிப்பேட்டில் எழுதுவதானால் இன்றைய தேதியைப் போட்டு, 'தாமதமாக எழுதியது' என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும். பழைய தேதியைப் போடுவதும், பழைய வரியை அழிப்பதும் கூடவே கூடாது. மாத்திரை மாறியது மனிதத் தவறு; ஏட்டைத் திருத்துவது பொய். முதலாவதை மன்னிப்பார்கள். இரண்டாவதுதான் பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்கும்.

அந்த வாலிபரிடம், அவர் பாஷை தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு டாக்டர் சொல்ல வேண்டும். உங்கள் மகளும் கூட நிற்க வேண்டும். அவர் பரிசோதனைக்குக் கட்டிய பணத்தை ஆஸ்பத்திரி திருப்பித் தர வேண்டுமென்று கேட்கட்டும். தொழிற்சாலையில் பல நாள் சம்பாத்தியம் அது. இனிமேல் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே பெயருள்ள இருவரைப் பக்கத்தில் போட மாட்டார்கள். போட்டாலும் ஏட்டில் சிவப்பு மையில் குறித்து வைப்பார்கள். அடுத்த நர்ஸும் அடுத்த நோயாளியும் தப்புவார்கள்.

வேலை போகாதா என்று கேட்பீர்கள். போகாது என்று நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. உண்மையைச் சொன்ன நர்ஸை வெளியே அனுப்புகிற ஆஸ்பத்திரியும் உலகத்தில் இருக்கலாம். ஆனால் பதிவு பெற்ற நர்ஸுக்கு வேறு வேலை கிடைக்கும். மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் கை நடுங்குகிற நர்ஸுக்கு எந்த வேலையில் நிம்மதி கிடைக்கும்? அவள் அழுதுகொண்டு உங்களுக்குப் போன் செய்தாளே, அதிலேயே அவள் நல்ல நர்ஸ் என்று தெரிகிறது. கல் மனசுக்காரி போன் செய்திருக்க மாட்டாள்.

இதை நான் அவளுக்கு எழுதினால் யாரோ எழுதியது. நீங்கள் சொல்ல வேண்டும். அன்றைக்கு, 'வாயை மூடிக்கொள்' என்றீர்கள். இன்று இரவு அவள் டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் போன் செய்து, "அம்மா அன்று சொன்னது தப்பு, கண்ணு. நீ போய்ச் சொல். என்ன வந்தாலும் நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.